சேற்றில் புதைந்த லொறிக்கு எந்த வின்ச்?

கடந்த மாரிக்குப் பின்னர் ஒரு மாலை வெள்ளவத்தையில் உள்ள ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அந்த வீட்டுத் தாயார் எமது கிராமப் பணிகளுக்கு நீண்ட காலமாக உதவி வருபவர். தேநீரைத் தந்துவிட்டு நேரடியாக விடயத்துக்கு வந்தார்.

“ஃபாதர், உங்கட லொறி வன்னியில சேத்துக்குள்ள புதைஞ்சு, பூட்டியிருந்த வின்ச்சும் இழுக்கேலாமப் போச்செண்டு கேள்விப்பட்டன். கனடாவில இருக்கிற மகனுக்குச் சொன்னன். தான் காசு அனுப்புறானாம், இந்த முறை பெரிசா ஒண்டு பூட்டட்டாம். எத்தினை இறாத்தல் வேணும் எண்டு கேக்கிறான். நான் என்ன சொல்ல?”

எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும், பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளிலும், கொட்டாஞ்சேனையில் எமது லொறியைத் திருத்தும் சிறிய கராஜிலும் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை, சேறு எமக்கு முன்னரே கற்றுத் தந்தவற்றோடு சேர்த்து இங்கே தருகிறோம். இதே கேள்வி வேறு பங்குகளிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் எழுவதை நாம் அறிவோம்.

இக்கேள்வி இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. எமது நாட்டில் நிவாரணப் பொருள் தேவைப்படும் இடமும் வீதி கெட்டுப்போகும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கின் கரையோர மணலில் வாகனங்கள் புதைந்தன. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையிலும், 2016 மே 17 இல் அரநாயக்காவிலும் மலை சரிந்தபோது, போகும் பாதையே சேறாகிக் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் வீதிகளை எவ்வாறு துண்டித்தது என்பதை எவரும் மறக்கவில்லை. மறுபுறம், 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆகவே எம் போன்ற நிலையங்கள் பழைய வாகனங்களையே திருத்திப் பாவித்து வருகின்றன. பழைய லொறி, கெட்ட வீதி, அவசரமான பயணம் ஆகிய மூன்றும் சேரும்போது ஒரு வின்ச் இருந்தால் நல்லது என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது.

அன்று நடந்தது

முதலில் எமது தவறைச் சொல்லிவிடுகிறோம். எமது லொறி வெறுமையாக ஏறக்குறைய இரண்டரைத் தொன். அன்று விதைநெல்லும் உலர் உணவும் இன்னும் இரண்டரைத் தொன் இருந்தன. ஒரு குளக்கட்டை அண்டிய பாதையில் பின்சில்லுகள் சேற்றில் இறங்கின. முன்பம்பரில் 8,000 இறாத்தல் மின்சார வின்ச் ஒன்று பூட்டியிருந்தோம். அது முன்னர் ஒரு ஜீப்பில் இருந்தது. நல்ல மனதோடு ஒருவர் தந்த பொருள்.

நான்கு மீற்றர் தூரத்தில் நின்ற மரத்தில் கம்பிக் கயிற்றைச் சுற்றி, கொளுக்கியை அதே கயிற்றில் மாட்டி இழுத்தோம். மோட்டார் முனகியது, லொறி அசையவில்லை. மூன்றாம் முறை பற்றரி இறங்கிவிட்டது. பிறகு ஓர் உழவு இயந்திரம் வந்தது. எங்கிருந்தோ கிடைத்த பழைய கம்பிக் கயிற்றால் இரண்டையும் இணைத்து இழுத்தபோது கயிறு அறுந்தது. அறுந்த முனை திரும்பி வந்து லொறியின் பக்கப் பலகையைப் பிளந்தது. அந்த இடத்தில் சற்று முன்வரை ஓர் இளைஞன் நின்றிருந்தான். தண்ணீர் எடுக்கப் போனதால் தப்பினான்.

அதன் பின்னர் எவருக்கும் இழுக்க மனம் வரவில்லை. வயதான கமக்காரர் ஒருவர், “முதல்ல சாமானை இறக்குங்கோ” என்றார். மாதர் சங்கத்துப் பெண்களும் இளைஞர்களும் வரிசையாக நின்று மூட்டைகளைக் கை மாற்றினார்கள். சில்லுகளுக்கு முன்னால் மண்வெட்டியால் வெட்டிப் பலகை வைத்தார்கள். வெறும் லொறியை அதே உழவு இயந்திரம் ஒரு சங்கிலியால் அமைதியாக இழுத்து வெளியே விட்டது.

நாம் அன்று செய்த ஒவ்வொரு காரியமும் ஏன் பிழைத்தது என்பதை விளங்கிக்கொண்டால், எந்த வின்ச்சை வாங்குவது என்பதும் விளங்கும்.

எவ்வளவு இழுவிசை தேவை?

வின்ச் வாங்குபவர் கடைக்குப் போகுமுன் தமது வாகனத்தின் முழுப் பாரத்தை அறிந்திருக்க வேண்டும். வெறும் வாகனத்தின் பாரத்தை மட்டும் கணக்கெடுப்பது போதாது. பொருளும் ஆட்களும் எரிபொருளும் சேர்ந்த பாரமே கணக்கு. வாகன மீட்புக் கையேடுகளில் நீண்ட காலமாக வழங்கிவரும் எளிய கணக்கு ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம்.

முதலாவது, நிலத்தின் தடை. வாகனத்தை உருட்டத் தேவையான விசை, நிலத்தைப் பொறுத்து அதன் பாரத்தின் ஒரு பங்காகும்.

தார் வீதி: 25 இல் ஒரு பங்கு.
புல்தரை: 7 இல் ஒரு பங்கு.
காய்ந்த தளர்ந்த மணல்: 4 இல் ஒரு பங்கு.
ஆழமற்ற சேறு: 3 இல் ஒரு பங்கு.
சதுப்பு, ஒட்டும் களிமண்: பாதி.

இரண்டாவது, ஏற்றம். பாதை எத்தனை பாகை ஏறுகிறதோ, அந்த எண்ணை வாகனப் பாரத்தால் பெருக்கி 60 ஆல் வகுத்தால் மேலதிகமாகத் தேவைப்படும் விசை கிடைக்கும். இவ்விரண்டையும் கூட்டி, பாதுகாப்புக்காகக் கால் பங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம்: 5,000 கிலோ லொறி, களிமண், 15 பாகை ஏற்றம். களிமண்ணுக்கு 2,500 கிலோ, ஏற்றத்துக்கு 1,250 கிலோ, மொத்தம் 3,750. கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 4,700 கிலோ.

மூன்றாவது நிலை, வாகனம் உண்மையாகவே புதைந்துவிட்ட நிலை. சில்லு மூடும் அளவுக்குப் புதைந்தால் வாகனத்தின் முழுப் பாரத்துக்குச் சமமான விசை வேண்டும். சில்லுக்கு மேலுள்ள மட்காட் வரை புதைந்தால் இரண்டு மடங்கு. சாரதியின் அறை வரை புதைந்தால் மூன்று மடங்கு. சேறு வாகனத்தை உறிஞ்சிப் பிடிப்பதே இதற்குக் காரணம். ஆகவேதான் மண்வெட்டி எடுத்து அந்தப் பிடியை முதலில் விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு மணி நேரம் வெட்டினால் தேவையான விசை பாதியாகக் குறையக் கூடும்.

இங்கே ஓர் உண்மை வெளிப்படையாகத் தெரிகிறது. மேலே சொன்ன எல்லாக் கணக்கும் பாரத்தில்தான் தொடங்குகிறது. பாரத்தைப் பாதியாக்கினால் எல்லாம் பாதியாகிவிடும். எமது லொறியிலிருந்து மூட்டைகளை இறக்கியபோது, அந்தக் கிராமத்துப் பெண்கள் எமது வின்ச்சின் பலத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கம்

வின்ச் விற்பவர் 8,000 இறாத்தல், 12,000 இறாத்தல் என்கிறார். 8,000 இறாத்தல் என்பது ஏறக்குறைய 3,630 கிலோ. 12,000 என்பது 5,440 கிலோ. எமது லொறிக்கு 12,000 இறாத்தல் வின்ச் தாராளமாகப் போதும் போலத் தோன்றும். ஆனால் அந்த இலக்கம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது.

கயிறு சுற்றும் உருளையில் கடைசிச் சுற்றுப்படை மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான், அதாவது ஏறக்குறைய முழுக் கயிறும் வெளியே இழுக்கப்பட்ட நிலையில்தான், அந்தப் பலம் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறு சுற்றச் சுற்ற உருளை பருக்கிறது. பருக்கப் பருக்க இழுவிசை குறைகிறது. ஒவ்வொரு படைக்கும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழப்பு ஏற்படும். உருளை நிறைந்திருக்கும்போது பெட்டியில் எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிய காரியம்.

நாம் அன்று நான்கு மீற்றர் தூரத்து மரத்தில் கட்டினோம் அல்லவா? உருளையில் கயிறு ஏறக்குறைய முழுவதும் இருந்தது. எமது 3,630 கிலோ வின்ச் அப்போது 2,400 கிலோவையும் இழுத்திருக்காது. தேவைப்பட்டதோ 5,000. மோட்டார் முனகியதில் வியப்பில்லை. இன்னும் தூரத்தில் இருந்த மரத்தைத் தெரிந்திருந்தால் பலம் கூடியிருக்கும், அப்படியிருந்தும் போதியிராது.

இதனால்தான், வின்ச்சின் பலம் வாகனத்தின் முழுப் பாரத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்ற பொதுவிதி வழங்கி வருகிறது. எமது லொறிக்கு அது 7,500 கிலோ, அதாவது 16,500 இறாத்தல். அத்தகைய மின்சார வின்ச்சின் விலையும் பாரமும் எமக்கு எட்டாதவை.

கப்பி என்னும் துணைவன்

ஆனால் வேறொரு வழி உண்டு. அதுதான் கப்பி. கிணற்றுக் கப்பியை நாம் எல்லோரும் அறிவோம். ஓரிடத்தில் நிலையாகத் தொங்கும் அது கயிற்றின் திசையை மட்டும் மாற்றுகிறது, பாரத்தைக் குறைப்பதில்லை. வின்ச் கயிற்றை மரத்தில் கட்டிய ஒரு கப்பி வழியாகச் சுற்றி, கயிற்று முனையை மீண்டும் லொறியிலேயே மாட்டினால் நிலைமை மாறுகிறது. இப்போது லொறியை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இழைகள் இழுக்கின்றன. உராய்வில் சிறிது இழந்தாலும் பலம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. வேகம் பாதியாகும், அது நட்டமல்ல. கூடுதல் கயிறு வெளியே போவதால் உருளையும் மெலிகிறது. அதனாலும் பலம் கூடுகிறது. பக்கவாட்டுத் தகடு திறக்கும் வகைக் கப்பியாக இருந்தால், கயிற்றை முனையிலிருந்து கோக்காமல் நடுவிலேயே போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. கப்பி எங்கே கட்டப்படுகிறதோ, அங்கே விழும் சுமையும் இரட்டிப்பாகும். ஒவ்வோர் இழையிலும் மூன்று தொன் என்றால், அந்த மரமும் அதைச் சுற்றிய பட்டியும் இணைக்கும் ஷக்கிளும் ஆறு தொன் தாங்க வேண்டும்.

வின்ச் வகைகள்

முதலாவது, மின்சார வின்ச். வாகனத்தின் பற்றரியில் இயங்குவது. அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959 இல் இத்தகைய வின்ச்சைப் பொதுப்பாவனைக்கு அறிமுகப்படுத்தியதிலிருந்து உலகெங்கும் பரவியது. பூட்டுவது இலகு, எஞ்சின் நின்றாலும் சிறிது நேரம் இழுக்கும், வேகமானது. ஆனால் 12 வோல்ற்றில் முழுப் பாரத்தை இழுக்கும்போது 400 அம்பியருக்கு மேல் குடிக்கும். சிறு வாகனங்களின் அல்ரனேற்றர் தருவது பெரும்பாலும் 60 முதல் 100 அம்பியர் வரைதான். மிகுதியைப் பற்றரி கொடுக்க வேண்டும். சில நிமிடங்களில் அது களைத்துவிடும். மோட்டாரும் சூடேறும். ஆகவே ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஆறவிட வேண்டும். யப்பானிலிருந்து வந்த கன்டர், எல்ஃப் வகை லொறிகள் பெரும்பாலும் 24 வோல்ற்றில் இயங்குபவை. அவற்றுக்கு 12 வோல்ற்று வின்ச்சை வாங்கிவிட்டு அந்தரப்படுவோரும் உண்டு.

இரண்டாவது, கியர்பெட்டியிலிருந்து சக்தி பெறும் வின்ச். பழைய லாண்ட் றோவர்களிலும் இராணுவ லொறிகளிலும் காணலாம். எஞ்சின் ஓடும்வரை சளைக்காமல் இழுக்கும். எஞ்சின் நீரில் மூழ்கி நின்றுவிட்டால் வின்ச்சும் நின்றுவிடும். எல்லா வாகனத்துக்கும் பொருந்தாது. பொருத்த அனுபவமுள்ள மெக்கானிக் வேண்டும்.

மூன்றாவது, ஹைட்ரோலிக் வின்ச். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. நீண்ட நேரம் வேலை செய்யும். இதற்கும் எஞ்சின் ஓட வேண்டும். குழாய்களும் பம்பும் சேரும்போது செலவு ஏறுகிறது.

நான்காவது, கைவின்ச். டிர்போர் என்ற பெயரிலேயே பலரும் இதை அறிவார்கள். அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்புப் பெயர். இன்று அதே முறையில் பலர் செய்கிறார்கள். இதில் உருளை இல்லை. கம்பிக் கயிறு நேராக ஊடுருவிச் செல்ல, உள்ளே இருக்கும் இரண்டு பிடிகள் மாறி மாறிக் கயிற்றைப் பற்றி இழுக்கின்றன. மரத்தில் ஏறும் மனிதனின் இரு கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். உருளை இல்லாததால் முதல் அடியிலும் கடைசி அடியிலும் ஒரே பலம். 800, 1,600, 3,200 கிலோ என்ற அளவுகளில் கிடைக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் நெம்புகோலில் உள்ள சிறு ஆணி தானாக முறிந்து எச்சரிக்கும். அந்த ஆணிக்குப் பதிலாக இரும்புக் கம்பியைச் செருகுபவர் தமது உயிரோடு விளையாடுகிறார். பற்றரி வேண்டாம், எஞ்சின் வேண்டாம். லொறியை முன்னுக்கும் பின்னுக்கும் பக்கவாட்டிலும் இழுக்கலாம். வேறொருவரின் வாகனத்துக்கும், விழுந்த மரத்துக்கும், கிணற்றுக்குள் இறங்கிய பம்புக்கும் கொண்டு போகலாம். குறை ஒன்றே: மிக மெதுவானது. ஒவ்வொரு தள்ளலுக்கும் சில சென்ரிமீற்றர்தான் நகரும். பத்து மீற்றர் இழுப்பதற்குள் இரண்டு மூன்று பேர் மாறி மாறி வியர்க்க வேண்டும்.

கம்பியா, செயற்கை இழையா?

கம்பிக் கயிறு கல்லிலும் மணலிலும் உரசினாலும் தாங்கும், வெயிலுக்குக் கெடாது. ஆனால் பாரமானது, துருப்பிடிக்கும், உடைந்த சிறு கம்பிகள் கையைக் கிழிக்கும். அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். ஒன்பதரை மில்லிமீற்றர் கம்பிக் கயிறு புதிதாக இருக்கும்போது சுமார் 6 தொன்னில் அறும். ஒருமுறை மடங்கி முறுக்கேறினால் அந்தப் பலம் போய்விடும், நிமிர்த்தினாலும் திரும்பாது.

அண்மைக்காலத்தில் வந்துள்ள டைனிமா போன்ற செயற்கை இழைக் கயிறு அதே பலத்துக்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பாரமே உடையது. நீரில் மிதக்கும். அறுந்தால் கம்பியைப் போல் வேகமாகத் திரும்பாது. ஆனால் வெயிலும் மணலும் சூடும் அதற்குப் பகை. ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். கம்பிக் கயிறு ஓடிய பழைய வழிகாட்டி உருளைகளின் சிராம்பு அதை அறுத்துவிடும். அதற்கென வழுவழுப்பான வாய் பொருத்த வேண்டும். மேற்சொன்ன கைவின்ச்சில் செயற்கைக் கயிறு பாவிக்க முடியாது. அதற்கெனச் செய்த தடிப்புள்ள கம்பிக் கயிறே வேண்டும். வேறு தடிப்புள்ள கயிற்றைப் போட்டால் பிடி நழுவும்.

மெலிந்த கண்ணி எது?

சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியின் பலமே. கொட்டாஞ்சேனை மெக்கானிக் இதை வேறுவிதமாகச் சொன்னார். எமது லொறியின் முன்பம்பரைத் தட்டிக் காட்டி, “ஃபாதர், நீங்க பெரிய வின்ச் பூட்டினா லொறி வராது, இந்த பம்பர்தான் கழண்டு வரும்” என்றார். உண்மைதான். எந்த வின்ச்சையும் எந்தக் கொளுக்கியையும் வாகனத்தின் அடிச்சட்டகத்தோடு, உரிய தகடும் தரமான போல்ற்றும் கொண்டு பூட்ட வேண்டும். ட்றெயிலர் மாட்டும் உருண்டையில் கயிற்றை மாட்டி இழுக்கவே கூடாது. அது உடைந்து குண்டுபோல் பறந்து உயிர் பறித்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.

கயிறு, கொளுக்கி, ஷக்கிள், கப்பி, பட்டி, மரம் என எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஷக்கிள் வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் தொன் அளவைப் பாருங்கள். தரமான 19 மில்லிமீற்றர் ஷக்கிளில் 4¾ தொன் என்றும், 22 மில்லிமீற்றரில் 6½ தொன் என்றும், 25 மில்லிமீற்றரில் 8½ தொன் என்றும் இருக்கும். பழைய சோனகத் தெருவில் பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும் மலிவான ஷக்கிள்களும் கிடைக்கும். எந்த அளவும் பொறிக்காத ஷக்கிளை வேலிக் கதவுக்குப் பாவியுங்கள், லொறிக்கு வேண்டாம். துறைமுகத்திலிருந்து கழித்து வந்த கம்பிக் கயிறும் அப்படித்தான். அதன் வரலாறு எமக்குத் தெரியாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. வாகனத்தின் முழுப் பாரத்தை எடைமேடையில் நிறுத்து அறியுங்கள்.
2. பெட்டியில் உள்ள இலக்கத்தைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு சுற்றுப்படையிலும் எவ்வளவு இழுக்கும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர் அதைக் கொடுப்பார்.
3. 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்பதை லொறியைத் திறந்து பார்த்து நிச்சயப்படுத்துங்கள்.
4. பாவித்த மின்சார வின்ச் என்றால் கயிறு முழுவதையும் வெளியே இழுத்துப் பாருங்கள். உருளையின் அடியில்தான் துருவும் நசிவும் ஒளிந்திருக்கும். பாரத்தோடு நிறுத்திப் பார்த்துத் தடுப்பு பிடிக்கிறதா எனப் பரிசோதியுங்கள்.
5. பாவித்த கைவின்ச் என்றால் முறியும் ஆணி அசலானதா, மேலதிக ஆணிகள் உண்டா, கயிறு பிடியில் நழுவுகிறதா எனப் பாருங்கள்.
6. உதிரிப்பாகம் கொழும்பில் கிடைக்குமா எனக் கேளுங்கள். கிடைக்காத பாகமுள்ள வின்ச், மழைக்காலத்தில் வெறும் இரும்பு.
7. பணம் முழுவதையும் வின்ச்சுக்கே செலவழிக்க வேண்டாம். கப்பி, மரத்துக்கான அகலப் பட்டி, ஷக்கிள்கள், தோற் கையுறை, மண்வெட்டி, இரண்டு தடித்த பலகை ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

இழுக்கும்போது

1. முதலில் இறக்குங்கள், பின்னர் வெட்டுங்கள், அதன் பின்னரே இழுங்கள்.
2. ஒருவர் மட்டுமே கட்டளை கொடுக்க வேண்டும். மற்ற எல்லோரும், சிறப்பாகப் பிள்ளைகள், கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். கயிற்றுக்குக் குறுக்கே எவரும் காலெடுத்து வைக்கக் கூடாது. கப்பி போட்டால் இரு இழைகளுக்கும் இடையே எவரும் நிற்கக் கூடாது.
3. கயிற்றின் நடுவே ஈரச் சாக்கையோ தடித்த கம்பளத்தையோ போடுங்கள். அறுந்தால் அதன் வேகத்தை அது தணிக்கும்.
4. கயிற்றை மரத்தில் நேரடியாகச் சுற்றி அதிலேயே கொளுவ வேண்டாம். கயிறும் கெடும், மரமும் சாகும். அகலப் பட்டியை மரத்தின் அடியில், நிலத்தோடு ஒட்டிச் சுற்றுங்கள். அதற்கு முன் மரத்தின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மின்கம்பத்திலும் வேலிக் கதியாலிலும் கட்ட வேண்டாம்.
5. மரமில்லாத கடற்கரையிலும் வயல்வெளியிலும், இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஆழமான குழி வெட்டி, மேலதிக சில்லையோ ஒரு மரக்குற்றியையோ புதைத்து, அதில் கட்டலாம்.
6. உருளையில் கம்பிக் கயிறு ஐந்து சுற்றாவது எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும்; செயற்கைக் கயிறானால் பத்துச் சுற்று.
7. வாகன வின்ச்சால் மனிதரை இறக்கவோ ஏற்றவோ கூடாது. அதன் தடுப்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

எமது பதில்

ஒரு வாரத்தின் பின் வெள்ளவத்தைக்குச் சென்று அந்தத் தாயாரிடம் சொன்னோம்: “அம்மா, பெரிசு வேண்டாம். மூன்று தொன் கைவின்ச் ஒன்று போதும்.”

அவருக்கு முதலில் ஏமாற்றம். மகன் அனுப்பும் காசு லொறியின் முகப்பில் பளபளவென்று தெரியும் என்று எண்ணியிருந்தார் போலும். நாம் தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினோம். 3,200 கிலோ கைவின்ச் நேராக இழுத்தால் வெறும் லொறியைச் சில்லு மூடிய சேற்றிலிருந்தும் எடுக்கும். அதற்குத் தேவை 2,500. கப்பி போட்டால் ஏறக்குறைய 6,000. ஏற்றிய லொறிக்கும் அது போதும். மிஞ்சும் பணத்தில் கப்பியும், பட்டிகளும், ஆறரைத் தொன் ஷக்கிள்களும் வாங்கலாம். சாரதிகளையும் கிராமத்து இளைஞர் சிலரையும் ஒரு நாள் பழக்கலாம்.

“அப்ப கரண்ட் வின்ச் கூடாதோ?” என்று கேட்டார்.

கூடாது என்று நாம் சொல்லவில்லை. இரவில் தனியாக ஓடும் ஜீப்புக்கும், நோயாளியை ஏற்றி வரும் வாகனத்துக்கும், வெள்ளம் ஏறிவரும் இடத்தில் நிமிடங்களை எண்ணி வேலை செய்வோருக்கும் மின்சார வின்ச்சே ஏற்றது. இரண்டு தொன் ஜீப்புக்கு 8,000 இறாத்தல் தாராளம். எமக்குத் தரப்பட்ட அந்தப் பழைய வின்ச்சும் கெட்ட பொருளல்ல. நாம்தான் ஜீப்பின் வின்ச்சை லொறியில் பூட்டினோம். எமது லொறி போவது மக்கள் வாழும் கிராமங்களுக்கு. அங்கே பற்றரி இறங்கலாம், கைகள் இறங்குவதில்லை. அந்தக் கைகளுக்கு ஏற்ற கருவியைத் தெரிவு செய்வதே எமது நிலைமைக்குப் பொருத்தம்.

தாயார் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பெடியன் நிண்ட இடத்தில அடிபட்டிருந்தா?” என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. “அப்ப முதல்ல நல்ல கயிறும் அந்த ஷக்கிளும் வாங்குங்கோ, ஃபாதர். மிச்சத்தை மகனுக்கு நான் சொல்லுறன்” என்றார்.

கைவின்ச் இன்று லொறியின் இருக்கைக்குப் பின்னால், எண்ணெய் பூசி, சாக்கால் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. முறியும் ஆணிகள் ஒரு சிறு தகரப்பெட்டியில் உள்ளன. பிளந்த பக்கப் பலகையை மட்டும் நாம் மாற்றவில்லை. புதிதாகச் சாரதியாக வருபவருக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறோம்.